உப்பு ஏறாத பட்டன்

வண்டியை நிறுத்தும்போதே ஏசுபாதம் சொல்லிவிட்டான்:
"சவுண்டு ஏத்துனா பாட்டு மாறுதுக்கா,
பாட்டு மாத்துனா சும்மா கீது,
போன் வந்தா தானா கட்டாவுது.
மூணையும் பில்லுல எழுதிக் குடுத்துடு."

பில்லைத்தான் முதலில் கேட்டான்.
அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

கும்மாளம்மன் கோயில் தெருவில் என் கடை வாசல்.
வெள்ளை டிசையர், மஞ்சள் போர்டு,
வைப்பர் இடுக்கில் கரித்தூள்.
எண்ணூர் ரோட்டுக் கன்டெய்னர் வரிசைக்குப் பின்னால்
நின்று நின்று வந்த வண்டி என்று
கேட்காமலே தெரியும்.

ஹாரனை அடித்தேன். அடித்தது.
ஏர்பேக் விளக்கு ஒழுங்காக எரிந்து அணைந்தது.
ஸ்டீரிங்கை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும்
திருப்பித் திருப்பி அமுக்கிப் பார்த்தேன்.
எந்தப் பக்கம் ஒடித்தாலும் அதே கோளாறு.
ஆக, உள்ளே சுருண்டு கிடக்கும் ரிப்பன் அறுந்துபோகவில்லை.
அறுந்திருந்தால் நாலாயிரம் ஆகியிருக்கும் என்றேன்.
அவன் முகம் மலரவில்லை.

பேட்டரி மைனஸைக் கழற்றினேன்.
"அவ்ளோதானா?"
"மிச்சக் கரண்ட் வடியணும்.
பத்து நிமிஷம் கை வைக்கக் கூடாது."

அந்தப் பத்து நிமிஷத்தில்
அவன் போன் மூன்று தரம் அதிர்ந்தது.
டெல்பின். டெல்பின். டெல்பின்.
"தங்கச்சி" என்றான்.
"ஸ்டான்லில ஒரு வாரமா அப்பாகூட அதுதான் கெடக்குது.
நான் வேணும்னே கட் பண்றேன்னு நெனைக்குதுக்கா.
பட்டன் பண்ற வேலைன்னு
நீ எழுதிக் குடுத்தா நம்பும்."
போனைக் குப்புறக் கவிழ்த்து
டாஷ்போர்டில் வைத்தான்.

காற்றுப்பையை எடுத்து முகம் மேலே பார்க்க வைத்தேன்.
மஞ்சள் சாக்கெட்டுக்குக் கீழே
ஆறு பட்டனுக்கும் சேர்த்து ஒரே ஒயர்.
ஒவ்வொன்றுக்கும் ஒரு ஓம் கணக்கு.
அமுக்கினால் செட்டுக்குப் போய்ச் சேர்வது அந்த எண் மட்டும்தான்.
எண் பிசகினால்
வேறு யாரோ கூப்பிட்டதாக அது நினைத்துக்கொள்ளும்.

மீட்டரை வைத்தேன்.
சத்தம் கூட்ட முந்நூற்றிருபது இருக்க வேண்டும்;
ஐந்நூற்றெழுபது.
பாட்டு மாற்ற ஐந்நூற்றறுபது இருக்க வேண்டும்;
எண்ணே வரவில்லை.
நெம்பித் திறந்தால்
ரப்பருக்கு அடியில் பச்சையாகப் பூத்திருந்தது.
காசிமேட்டுத் துறைமுக வாசலில்
கண்ணாடியை இறக்கிவிட்டு
விடிய விடியச் சவாரிக்குக் காத்திருக்கிறவன்.
கடல் சும்மா விடுமா?

கடைசியில் அந்தப் பட்டன்.
ஆயிரத்து முந்நூறு இருக்க வேண்டும்.
ஆயிரத்து முந்நூறு.
பத்துத் தரம் அமுக்கினேன்.
ஒரு புள்ளி நகரவில்லை.
திறந்தேன். தகடு புதுசாக மின்னியது.
விரல் பட்டுக்கொண்டே இருந்தால்
உப்புக்கு உட்கார நேரமேது.
மேலே, சிவப்புப் போன் படம்
கட்டைவிரல் அகலத்துக்குத் தேய்ந்திருந்தது.

"இன்னா காட்டுதுக்கா?"
"உப்பு" என்றேன்.

பழைய டூத் பிரஷ், கொஞ்சம் ஸ்பிரிட்.
மாட்டினேன், முடுக்கினேன், மைனஸைத் திரும்பக் கொடுத்தேன்.
சத்தம் ஏறியது. பாட்டு மாறியது.
"இப்ப போன்" என்று
என் போனிலிருந்து அவனுக்கு அடித்தேன்.

வண்டி முழுக்க மணி கேட்டது.
நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்:
அவன் கட்டைவிரல் எழுந்து போயிற்று,
சிவப்பில் படுத்தது, எழுந்து வந்தது.
"பாத்தியா,
தானா கட்டாவுது."

அவன் முகத்தில் பொய் இல்லை.

பில் எழுதினேன்.
ஸ்டீரிங் பட்டன் பழுது. உப்பு. சுத்தம் செய்தது.
ரூபாய் முந்நூற்றைம்பது.
இரண்டு தரம் படித்தான்.
"எந்தப் பட்டன்னு போடலியேக்கா."
"கீழே என் நம்பர் இருக்குது.
டெல்பினை எனக்குப் போன் பண்ணச் சொல்லு."

மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.
ஸ்டான்லி இருக்கிற பக்கம் வண்டி திரும்பியதா என்று
ஆட்டோ மறைத்ததில் தெரியவில்லை.
பாட்டு மட்டும் வெகுநேரம் கேட்டது,
முழுச் சத்தத்தில்.